பலாமரத்துக் கொடிய வெட்டுறதுக்கு முன்னாடி

இலங்கை மலையகத்து தேயிலைத் தோட்டத்துல, எங்க வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னுக்கு, தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்கு எறங்குற பாதையில ஒரு பழைய பலாமரம் நிக்குது, அதுல ஒரு மிளகுக்கொடி ஏறியிருக்கு, கீழ நின்னு அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும் அவ்வளவு ஒசரம். யாரு நட்டதுன்னு யாருக்கும் தெரியாது. அப்பாயிகிட்ட கேட்டா "நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்திச்சி ஆத்தா"ன்னு தான் சொல்லும். குருவி போட்ட வெதையா இருக்கலாம், தோட்டத்துக்கு வெளிய நாட்டுப்பக்கம் கூலிக்கு போன யாராச்சும் ஒடிச்சிட்டு வந்து சொருகுனதா இருக்கலாம். எல சின்னது, கதிரு ஒரு விரல் நீளம் கூட வராது, ஆனா மணி நெருக்கமா புடிக்கும், காய வச்சி இடிச்சா பக்கத்து காம்பராவுல தும்முற சத்தம் கேக்கும்.

போன மாசம் அந்தக் கொடிய வெட்டிட்டு, கொடி ஏறுறதுக்கு கிளிசீரியா மரம் நட்டு நர்சரி கன்னு வைக்கப் போறதா பெரியப்பா சொன்னாரு. அவ்வளவு ஒசரத்துல ஏற இப்ப ஆள் இல்ல, ஏறுறவங்களுக்கு குடுக்குற கூலிக்கே மிளகு வித்த காசு சரியா போயிருது, அதனால அவர் சொல்லுறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஏன்னா இதையே தான் எங்க அப்பா முன்ன செஞ்சாரு, அதுல நாங்க பட்டது எனக்குத் தான் தெரியும்.

2017-ல அப்பா ஒரு நர்சரியில நாப்பது கன்னு வாங்குனாரு. எல்லாம் ஒரே மாதிரி பச்சையா கொழுகொழுன்னு இருந்திச்சி, பாக்கவே ஆசையா இருக்கும். வீட்டுக்கு மேப்பக்கம் இருந்த ரெண்டு பழைய கொடிய வேரோட புடுங்கிட்டு அந்த எடத்தையும் சேத்து வரிசையா கிளிசீரியா ஊண்டி நட்டோம். மூணாம் வருசம் கதிரு வந்திச்சி, நீளமான கதிரு, அப்பா அத கையில புடிச்சி அளந்து பாத்து சிரிச்சது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அந்த வருசமே மழை விடாம அடிச்சப்ப மேல இருந்த ஒரு கொடியில எல கருப்பா தீஞ்ச மாதிரி திட்டு விழுந்திச்சி, அடித்தண்டு கறுத்திச்சி, ஒரு கிழமைக்குள்ள எலயெல்லாம் கொட்டிருச்சி. அப்புறம் அதுக்கு கீழ இருந்தது, அப்புறம் அதுக்கும் கீழ இருந்தது, கான், அதான் தண்ணி ஓடுற வாய்க்கா, எந்தப் பக்கமா ஓடுதோ அந்தப் பக்கமா நோயும் எறங்குச்சி. நாப்பதுல ஒம்பது மிஞ்சிச்சி. பலாமரத்துக் கொடிக்கு ஒண்ணும் ஆகல.

இங்க ஒண்ணு நேர்மையா சொல்லிரணும். பலாமரத்துக் கொடி தப்பிச்சதால அதுக்கு நோய் எதிர்ப்பு இருக்குன்னு நான் சொல்ல வரல. அது இருக்குற எடம் மேடு, தண்ணி நிக்காது, மேல இருந்து வர்ற கான் அந்தப் பக்கம் போகல, பக்கத்துல வேற மிளகும் இல்ல. எதிர்ப்பு இருக்கா இல்ல அதிர்ஷ்டமான்னு தெரியணும்னா அந்தக் கொடியில இருந்து தண்டு எடுத்து வேர் புடிக்க வச்சி, நோய்க்கிருமிய வேணும்னே குடுத்து பாக்கணும், அது ஆராய்ச்சி நிலையத்துல செய்யிற வேல. ஆனா கொடியவே வெட்டிட்டா அந்தக் கேள்விய யாரும் எப்பவும் கேக்க முடியாதே.

அந்த நோய்க்கு பேரு வாடல், சில பேரு அடியழுகல்னு சொல்லுவாங்க. ஃபைட்டோப்தோரா கேப்சிசின்னு ஒரு கிருமி. கேப்சிசின்னா மொளகாய குறிக்கிற பேரு, முதல்ல 1922-ல அமெரிக்காவுல மொளகா செடியில தான் அத கண்டு எழுதி வச்சாங்க. தக்காளி, பூசணிக்காய் எல்லாத்தையும் தாக்கும். பாக்க பூஞ்சணம் மாதிரி இருந்தாலும் உண்மையான பூஞ்சண கூட்டத்த சேந்தது இல்ல, அதோட வித்துங்க தண்ணியில நீந்தும், அதனால தான் மழைக்காலத்துல மேல இருந்து கீழ கான் வழியா எறங்குது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேத்த போர்டோ கலவை அடிக்கலாம், கான் வெட்டி தண்ணிய திருப்பி விடலாம், டிரைகோடெர்மாங்கிற நல்லது செய்யிற பூஞ்சணத்த போடலாம், செத்த கொடிய அங்கயே போடாம அப்புறப்படுத்தி எரிக்கலாம். எல்லாம் ஒதவும், ஆனா எல்லா வருசமும் காப்பாத்தாது. நாப்பதும் ஒரே தாய்க்கொடியில இருந்து வந்த நாப்பதுன்னா, ஒண்ணுக்கு தாங்க முடியாதது நாப்பதுக்கும் தாங்க முடியாது.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்லுறேன்னா, மலையகத்து ஆளுங்களுக்கு இது புது கதை இல்ல. நம்ம பாட்டன் பூட்டன கப்பல்ல ஏத்தி, மாத்தளை பக்கமா காட்டு வழி நடக்க வச்சி இங்க கொண்டாந்தது தேயிலைக்கு இல்ல, கோப்பிக்கு. மலை மலையா ஒரே அராபிக்கா கோப்பி. 1869-ல எலைக்கு அடியில செம்மஞ்சள் தூள் மாதிரி ஒண்ணு தெரிஞ்சிச்சி, ஹெமிலியான்னு பேரு வச்ச பூஞ்சணம். இருவது வருசத்துக்குள்ள கோப்பி இருந்த எடம் தெரியாம போயிருச்சி. 1880-ல மார்ஷல் வார்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் இங்க வந்து ரெண்டு வருசம் இருந்து பாத்துட்டு, எடைவெளி இல்லாம ஒரே பயிர மலை முழுக்க நட்டது தான் நோய்க்கு பாய் விரிச்சி குடுத்ததுங்கிற மாதிரி சொன்னாரு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவுல 1867-லயே தேயிலை நட்டு வச்சிருந்ததால தொரமாருக்கு ஒரு மாத்து வழி கெடைச்சிச்சி. கோப்பி செத்த காலத்துல சம்பளம் இல்லாம, அரிசி இல்லாம கெடந்த ஜனத்துக்கு என்ன மாத்து வழி இருந்திச்சி?

தேயிலையிலயும் பாருங்க, பழைய மலையில வெத போட்டு வந்த தேயிலை, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி, ஒண்ணு முந்தி தளுக்கும் ஒண்ணு பிந்தி தளுக்கும். அப்புறம் வந்தது வீபீ, ஒரு தாய்ச்செடியில இருந்து தண்டு எடுத்து நட்டது, கொழுந்து கூட வரும். அம்மா வெத தேயிலை மலையிலயும் வீபீ மலையிலயும் கொழுந்து எடுத்தவங்க, கோடை காலத்துல எது நின்னு புடிக்கும் எது காயும்னு எந்தப் புத்தகமும் பாக்காம சொல்லுவாங்க. மிளகு விஷயத்த நான் புரிஞ்சிக்கிட்டதே அம்மா சொன்ன தேயிலைக் கதையில இருந்து தான்.

மிளகுல இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லுறேன். மிளகுக்கொடியில தண்டு வெட்டி நட்டா அது புது செடி இல்ல, அதே செடி தான், வேற எடத்துல நிக்குது அவ்வளவு தான். தாய்க்கு என்ன குணமோ அதே. வெதையில இருந்து வர்றது அப்படி இல்ல, ஒரே கதிர்ல இருந்து பத்து மணி எடுத்து மொளைக்க வச்சா பத்தும் பத்து மாதிரி வரும், எல வேற, கதிர் நீளம் வேற, காரம் வேற, சிலது காய்க்கவே காய்க்காது. காட்டு மிளகுல ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. மனுசன் தலைமுறை தலைமுறையா ரெண்டும் சேந்த பூ வர்ற கொடியா பாத்து பாத்து ஒடிச்சி நட்டு தான் இப்ப நம்ம வீட்டுல இருக்குறது வந்திச்சி. மேற்குத் தொடர்ச்சி மலை தான் பூர்வீகம், அங்க இருந்து தான் ஒலகம் பூரா போனது. அப்பாயி மெல்லுற வெத்திலையும், இருமலுக்கு இடிச்சி குடுக்குற திப்பிலியும் மிளகுக்கு சொந்தக்காரங்க தான், மூணும் பைப்பர்ங்கிற ஒரே பேரினம். இலங்கை காட்டுலயும் இந்த பேரினத்து காட்டுக்கொடிங்க இருக்கு, பைப்பர் சைலானிக்கம்னு நம்ம நாட்டு பேரையே தாங்குனது ஒண்ணு. மரத்துல ஒட்டி ஏறுற இந்தக் கொடிங்கள காட்டு வெத்திலைன்னு சொல்லிட்டு தாண்டி போயிருவோம்.

கேரளாவுல பழைய மிளகு வகைங்களோட பேர கேட்டா நமக்கே சொந்த ஊரு பேரு மாதிரி இருக்கும். கரிமுண்டா, நாராயக்கொடி, நீலமுண்டி, ஐம்பிரியன், கொட்டநாடன், பாலன்கொட்டா. ஒவ்வொரு கிராமத்துக்காரனும் தன் மண்ணுக்கு ஏத்தத தேடி வச்சி பேரு குடுத்திருக்கான். நம்ம பக்கம் அப்படி பேரு நெறைய இல்ல, "பலாமரத்துக் கொடி", "பெரியம்மா வீட்டு சவுக்குமரத்துக் கொடி", இப்படி தான். பேரு இல்லாததால அதுக்கு மதிப்பும் இல்லன்னு ஆயிருச்சி, எனக்கு அது தான் ரொம்ப வலிக்குது, ஏன்னா பேரு வைக்காதது கொடியோட குத்தம் இல்லையே.

இப்ப சொல்லப் போறது தான் இந்தப் பதிவு எழுத முக்கியமான காரணம். ஒலகத்துலயே முதல் கலப்பின மிளகு பன்னியூர் 1. கண்ணூர் பக்கத்துல பன்னியூர்ங்கிற எடத்துல 1950-கள்ல தொடங்குன ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கி 1971-ல வெளிய விட்டாங்க. கதிரு நீளம், மணி பெருசு, வெயில் படுற எடத்துல நல்லா காய்க்கும், நெழல் கூடுனா சொணங்கும். இலங்கைக்கும் வந்திச்சி, நர்சரிங்கள்ல இன்னும் அந்தப் பேர கேக்கலாம். அதோட தாய் என்ன தெரியுமா? உதிரன்கொட்டா. தகப்பன் செறியகாணியக்காடன். உதிரன்கொட்டாவுல பெரும்பாலும் பெண் பூ தான், அதனால காய் பிடிப்பு கொறைவு. ஒரு சாதாரண விவசாயி தோட்டத்துல அது நின்னிருந்தா "காய்க்காத கொடி எதுக்கு"ன்னு வெட்டி எறிஞ்சிருப்பாரு, நம்ம பெரியப்பா மாதிரி, எங்க அப்பா மாதிரி. அது வெட்டப்படாம நின்னதால தான் பன்னியூர் 1 பொறந்திச்சி. மொத தடவ படிச்சப்ப எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிருச்சி. நாங்க வேரோட புடுங்குன அந்த ரெண்டு கொடியிலயும் என்ன இருந்திச்சின்னு இனி யாருக்கும் தெரியாது.

கலப்பு செய்யிறவங்களுக்கு வேணுங்கிறது நல்லா காய்க்கிற கொடி மட்டும் இல்ல. ஒண்ணு காரத்துக்கு, ஒண்ணு எண்ணெய்க்கு, ஒண்ணு வறட்சிய தாங்குறதுக்கு, ஒண்ணு குளிர தாங்குறதுக்கு, ஒண்ணு வேர்ப்புழுவ தாங்குறதுக்குன்னு வேற வேற கொடியில இருந்து வேற வேற குணத்த எடுத்து சேக்கணும். கேரளாவுல ஒசரமான எடங்களுக்கு தோதா கிரிமுண்டான்னு ஒண்ணு வந்திருக்கு, நாராயக்கொடியையும் நீலமுண்டியையும் சேத்தது. வாடல ஓரளவு தாங்குற தேவம்னு ஒண்ணு இருக்கு, அது கலப்பு கூட இல்ல, தேவமுண்டிங்கிற பழைய கொடியில இருந்து பாத்து பொறுக்குனது. சக்தின்னு இன்னொண்ணு, பேராம்பிரமுண்டியோட வெதையில இருந்து வந்த கன்னுங்கள்ல தேறுனது. பாருங்க, எல்லாத்துக்கும் பின்னாடி யாரோ ஒரு ஊர்ல யாரோ வெட்டாம விட்ட ஒரு பழைய கொடி நிக்குது. கோழிக்கோட்டுல இருக்குற இந்திய நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 3000-க்கு மேல மிளகு மாதிரிங்கள சேத்து வச்சிருக்கு, சும்மா இல்ல.

நம்ம நாட்டுலயும் வேல நடக்குது, அத சொல்லாம விட்டா பாவம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் 1972-ல இருந்து இருக்கு, அப்ப அதுக்கு சிறு ஏற்றுமதிப் பயிர்த் திணைக்களம்னு பேரு. மாத்தளையில அதோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பஸ்ஸுல போறப்ப பாத்திருப்பீங்க. உள்ளூர்ல இருந்து பொறுக்குன கொடிங்க, பன்னியூர் 1, மலேசியாவுல சரவாக்குல இருந்து வந்த கூச்சிங், இதெல்லாம் முன்ன இருந்தே சிபாரிசு பண்ணுனது. அப்புறம் அவங்களே கலப்பு செஞ்சி புட்டாவேரால, திங்கிரால, கொஹுகும்புரேரால்னு மூணு வெளிய விட்டாங்க. பேர கேட்ட ஒடனே வெள்ளக்காரனுக்கு எதிரா நடந்த 1818 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சித் தலைவருங்க தான் ஞாபகம் வரும். ஒரு கலப்பு மிளகு வர எவ்வளவு காலம் புடிக்கும்னு நெனைக்கிறீங்க, பூ விரியிறதுக்கு முன்ன கதிருக்கு பை போட்டு மூடி, வேற கொடியோட மகரந்தத்த கொண்டாந்து தடவி, வெத எடுத்து, மொளைக்க வச்சி, அது காய்க்க வருசக்கணக்கா காத்திருந்து, அப்புறம் நல்லத தண்டு எடுத்து பல எடத்துல நட்டு பாத்து, பத்து வருசத்துக்கு மேல ஓடிரும். அந்தப் பத்து வருசத்துக்கு தொடக்கமா ரெண்டு கொடி கையில இருக்கணும் இல்லையா.

இன்னொரு விஷயம், இதுல நமக்கு பெருமையும் இருக்கு பயமும் இருக்கு. மூங்கில் முறைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மூங்கில ரெண்டா பொளந்து, அதுல தென்னந்தும்புத் தூளும் எருவும் போட்டு சாய்வா நிறுத்தி, கொடிய அதுல ஏத்தி விட்டா ஒவ்வொரு கணுவுலயும் வேர் வுடும், அப்புறம் கணு கணுவா வெட்டி பொலித்தீன் பேக்குல வச்சிரலாம். இது இலங்கையில உருவான முறை, கேரளாக்காரங்களே இங்க இருந்து எடுத்து கொஞ்சம் மாத்தி செய்யிறாங்க. ஒரு கொடியில இருந்து வருசத்துக்கு நாப்பது கன்னு வரைக்கும் எடுக்கலாம்னு சொல்லுவாங்க. நல்ல கொடிய வேகமா பரப்ப இத விட நல்ல வழி இல்ல, நான் அத கொற சொல்லல. ஆனா வேகமா பரவுறது ஒரே கொடியா இருந்தா, வேகமா அழியிறதும் வேற கொடிங்க தான். அதோட தாய்க்கொடியில வைரஸ் இருந்தா நாப்பது கன்னுலயும் வைரஸ் போகும். எல மஞ்சப் பொட்டா போயி சுருங்குற நோய் இருக்கே, அந்த மஞ்சள் பொட்டு வைரஸ் இலங்கையிலயும் இருக்குறது 1990-கள்லயே பதிவானது, தண்டு வழியாவும் மாவுப்பூச்சி வழியாவும் பரவுது. அதனால யாருகிட்ட தண்டு வாங்குனாலும் மொதல்ல எலய திருப்பி திருப்பி பாருங்க.

"அதான் பேராதனை பக்கம் கன்னொறுவாவுல வெத பேங்க் இருக்கே, அங்க மிளக போட்டு வச்சா போச்சி"ன்னு என் தங்கச்சி கேட்டா. நல்ல கேள்வி, நானும் அப்படி தான் நெனைச்சேன். நெல்லு, பயறு, மொளகா வெதைய நல்லா காய வச்சி குளிர்ல வச்சா வருசக்கணக்கா கெடக்கும். மிளகு வெத அப்படி இல்ல, காய்ஞ்சா செத்துரும். நாம கடையில வாங்குற மிளகு மொளைக்காததுக்கும் அது ஒரு காரணம். அப்படியே மொளைச்சாலும் வெதையில இருந்து வர்றது அதே கொடி இல்லைன்னு மேல சொன்னேன். அதனால மிளக காப்பாத்தணும்னா உயிரோட நிக்க வச்சி தான் காப்பாத்தணும், மண்ணுல ஒரு மரத்துல ஏத்தி விட்டு, இல்லன்னா ஆய்வுகூடத்துல போத்தலுக்குள்ள திசு வளர்ப்புல. மண்ணுல நிக்கிற சேகரிப்புக்கு எடம் வேணும், ஆள் வேணும், தண்ணி வேணும், அதே வாடல் அந்தத் தோட்டத்துக்குள்ள வந்தா மொத்த சேகரிப்பும் ஆபத்துல. ஒரே எடத்துல வைக்கிறது போதாதுன்னு நான் சொல்லுறது இதனால தான்.

காட்டு சொந்தங்கள பத்தியும் ஒரு வார்த்தை. தென்னமெரிக்காவுல பைப்பர் கொலுப்ரினம்னு ஒண்ணு இருக்கு, ஆத்தோரத்துல ஈரத்துல வளர்றது, நம்ம மிளக கொல்லுற வாடலும் வேர்ப்புழுவும் அத ஒண்ணும் செய்யாது. சரி அதோட கலந்துட்டா போச்சின்னு பாத்தா, அதுக்கு குரோமோசோம் 26, நம்ம மிளகுக்கு 52, லேசுல சேராது. அதனால வேர் அதோடதா, மேல நம்ம மிளகா வச்சி ஒட்டு கட்டுறாங்க, சதுப்பு எடத்துக்கு அது ஒதவுது. 2019-ல மிளகோட முழு ஜீனோமையும், அதான் மொத்த மரபணுத் தொகுதியையும், வாசிச்சி வெளியிட்டுட்டாங்க, இனிமே எந்த ஜீன் காரத்த தருது, எது நோய தடுக்குதுன்னு தேடுறது முன்ன மாதிரி கண்ண கட்டிட்டு தேடுறதா இருக்காது. ஆனா கொடி இருந்தா தானே அதுல தேட முடியும். நம்ம நாட்டு மிளகு எண்ணெய்யும், காரத்த தர்ற பைப்பரினும் கூடுனதுன்னு தான் வெளியில பேரு, சாறு எடுக்குற கம்பனிங்க 'லைட் பெரி'ங்கிற முத்தாத மிளகையே தேடி வாங்குறாங்க. அந்தக் குணம் எங்க இருந்து வந்திச்சி? பேரு தெரியாத இந்த வீட்டுத்தோட்டக் கொடிங்கள்ல இருந்தும் தான்.

இப்ப மனசுல ரொம்ப நாளா இருக்குற ஒண்ணு. பழைய வகைங்கள விவசாயிங்க வீட்டுத்தோட்டத்துலயே காப்பாத்தணும்னு எல்லாரும் எழுதுறாங்க, கண்டி வீட்டுத்தோட்டம்னா ஒலகத்துக்கே தெரியும், பலா, ஜாதிக்கா, கராம்பு, பாக்கு, கோப்பி, மிளகுன்னு ஒரு சின்ன காடு மாதிரி. ஆனா அது காணி உள்ளவங்களோட தோட்டம். லயத்துல இருக்குற நமக்கு காணி எங்க இருக்கு? கொல்லையில நட்டு வளத்த கொடி கூட தோட்டத்து நெலத்துல நிக்கிற கொடி தான், நாளைக்கு அந்த எடத்துல வேற ஏதும் செய்யணும்னு சொன்னா ஒண்ணும் பேச முடியாது. எங்க அப்பாயி அம்பது வருசமா தண்ணி ஊத்துன கொடிக்கு அப்பாயி சொந்தக்காரி இல்ல. புது வீட்டுத் திட்டத்துல ஏழு பேர்ச் காணி குடுத்தாங்க, நல்லது தான், சொந்தமா ஒரு மொகவரி கெடைக்கிறதுக்கு எத்தன தலைமுறை ஏங்குனோம். ஆனா வீடு கட்டி, பாதை விட்டு, கக்கூசு கட்டுனா மிஞ்சுறது ரெண்டு மூணு கிளிசீரியாவுக்கு எடம். மண்சரிவு ஆபத்துன்னு எழுப்பி வேற எடத்துக்கு அனுப்புறப்ப தட்டுமுட்டு சாமான், சாமி படம், ஆடு கோழி எல்லாம் ஏத்திட்டு போறோம், கொடிய யாரும் ஏத்த மாட்டாங்க, ஏத்தணும்னு நெனைப்பும் வராது. மலையகத்துல மிளகு வகைங்க கொறையிறதுக்கு வாடல் மட்டும் காரணம் இல்ல, காணி இல்லாததும் ஒரு காரணம். மரபணு பாதுகாப்பு பத்தி பேசுற கூட்டத்துல இந்தப் பேச்சு வரணும்னு நான் ஆசப்படுறேன்.

ஏழு பேர்ச்சுலயும் ஒரு வழி இருக்கு. மிளகுக்கொடியில மேல ஏறுற தண்டு ஒரு வகை, பக்கவாட்டுல போயி காய்க்கிற கிளை ஒரு வகை. பக்கக்கிளைய வெட்டி வேர் புடிக்க வச்சா அது ஏறாது, புதரா நின்னு சட்டியிலயே காய்க்கும், புதர் மிளகுன்னு சொல்லுவாங்க. வேர் புடிக்கிறது கொஞ்சம் கஷ்டம், ஈரம் போகாம பொலித்தீன் மூடி நெழல்ல வைக்கணும். ஆனா ஒரு பழைய பெயிண்ட் வாளி அளவு எடத்துல ஒரு வகைய உயிரோட வச்சிக்கலாம், வீடு மாறுனா தூக்கிட்டும் போகலாம். இது வருமானத்துக்கு இல்ல, வகைய காப்பாத்த.

பெரியப்பாகிட்ட நான் சண்ட போடல. வெட்டுறது ஒங்க விருப்பம் பெரியப்பா, அதுக்கு முன்ன எனக்கு ஒரு மாசம் குடுங்கன்னு கேட்டேன். "எதுக்கு புள்ள, அந்த குச்சி மிளகுக்கு"ன்னாரு. உதிரன்கொட்டா கதைய சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அவரே ஏணி கொண்டாந்து சாத்துனாரு. அடியில மண்ணுல ஓடுற ஓடுதண்டுல பதினெட்டு துண்டு, மூணு கணு ரெண்டு கணுவா வெட்டி, எலய கழிச்சி, மணலும் எருவும் மேல் மண்ணும் கலந்த பேக்குல வச்சேன். பக்கக்கிளையில ஆறு தனியா. பெரியம்மா வீட்டு சவுக்குமரத்துக் கொடியிலயும் எடுத்தாச்சி, அது கதிரு நீளம் ஆனா நடுவுல நடுவுல மணி இல்லாம பல்லு விழுந்த மாதிரி இருக்கும், இப்ப அத பாக்குறப்ப எனக்கு வேற கண்ணு. நாட்டுப்பக்கம் ஒரு அக்கா வீட்டுல பாக்கு மரத்துல ஒண்ணு இருக்காம், எல அடியில கொஞ்சம் ஊதாவா இருக்கும்னு அவங்க சொன்னாங்க, வார ஞாயித்துக்கெழம போறேன்.

எல்லாத்துக்கும் ஒரு கொப்பி போட்டு எழுதிட்டு வர்றேன். எந்த மரம், எந்த எடம், யாரு வீடு, எப்ப வெட்டுனது, கதிரு எத்தன அங்குலம், எப்ப பூக்குது, மழைக்கு எப்படி நிக்குது. பேக்குல பேனையால எழுதுனா மழையில போயிருதுன்னு யோகட் கப்ப கீறி ஆணியால எழுதி கட்டி வச்சிருக்கேன், அது நல்லா நிக்குது. வேர் புடிச்ச ஒடனே மாத்தளை நிலையத்துல கேட்டு ரெண்டு ரெண்டு கன்னு அங்க குடுக்க பாக்குறேன், வாங்குவாங்களான்னு கேட்டு எழுதுறேன். உங்க பக்கம், பசறையோ, கினிகத்தேனையோ, உக்குவளையோ, பழைய கொடி ஏதாச்சும் இருந்தா வெட்டுறதுக்கு முன்ன ஒரு படமும் எடத்தோட விவரமும் கீழ போடுங்க, முடிஞ்சா நானே வந்து தண்டு எடுத்துக்கிறேன்.

பதினெட்டுல நாலு வாடிருச்சி. பதினாலு நிக்குது, இன்னைக்கு காலையில பாத்தப்ப மூணுல புது எல, ஊசி மாதிரி சுருண்டு, லேசா செவப்பு கலந்து. அப்பாயி குச்சிய ஊண்டிக்கிட்டு வந்து பாத்துட்டு, பலாமரத்துக் கொடிக்கு ஊத்துற மாதிரியே அரிசி கழுவுன தண்ணிய ஊத்திட்டு போச்சி.